பாசறையும் பெரட்டுக்களமும்

பாசறை என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. பத்துப்பாட்டைக் கற்றோர் முல்லைப்பாட்டிலே காட்டினிடையே அமைந்த அரசனது பாசறையைக் கண்டிருப்பர். நெடுநல்வாடையிலோ, வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் உறக்கமின்றி எழுந்து, ஏவலர் சிலரோடு நடந்து, புண்பட்டுக் கிடக்கும் வீரரைச் சென்று பார்க்கும் மன்னன் ஒருவனைக் காண்கிறோம். அது போரின் பொருட்டு எழுந்த பாசறை. மன்னனும் பிறர் நிலத்தைக் கவரச் சென்றவனே. எனினும், கூட்டமாய்ப் புறப்பட்டோரின் துயரை அறிதல் தலைவனாயினான் கடன் என்ற ஓர் எண்ணம் அப்பழைய பாட்டினுள்ளே கிடக்கின்றது. பாடசாலைப் பாசறை ஒன்றினைப் பற்றி எழுதப் புகுந்த எனக்கு அந்நினைவே முதலில் வருகின்றது.

ஆயின், எம் மக்கள் நாவில் வழங்குவது பாசறையன்று. முகாம் என்ற சொல்லே. அச்சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. 1983 யூலையில் மாத்தளை நகரிலே தமிழர் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. அந்நாளில் நாட்டின் பல பாகங்களிலும் பாடசாலைகளும் கோயில்களும் அகதி முகாம்களாயின. 2009 ஆம் ஆண்டில் போர் முடிவுற்றபோது வன்னி மக்கள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் செட்டிகுளப் பகுதியிலே முள்வேலி முகாம்களுள் அடைக்கப்பட்டனர். இத்தகைய நாட்டிலே, பத்தாந்தர மாணவர்க்கு மூன்று நாள் முகாம் என்று ஓர் அறிவித்தலை அனுப்பினால் பெற்றோர் நெஞ்சில் என்ன தோன்றும்? பெற்றோரின் ஒப்பம் வேண்டித் தோட்டத்து லயமொன்றுக்குச் சென்றிருந்தேன். ஒரு மாணவியின் பாட்டி கடிதத்தைக் கையிலே வாங்கவும் மறுத்துவிட்டார். “எம்பத்து மூணுல முகாம்ல கெடந்தது போதாதுங்களா சேர்? இந்தப் புள்ளையும் போய்க் கெடக்கணுமா?” என்றார். இது வேறு முகாம் என்று விளக்க நெடுநேரம் சென்றது. மறுநாள் அவரே பாடசாலைக்கு வந்து, பெண்பிள்ளைகள் உறங்கும் அறையையும் அதன் தாழ்ப்பாளையும் பார்த்த பின்னரே கைநாட்டு இட்டார். அன்று தொட்டு எம் நிகழ்ச்சியைப் பாசறை என்றே அழைக்கலானோம்.

உக்குவளை, கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் புகையிரதப் பாதையிலே உள்ள ஊர். அப்பாதை 1880 இலே திறக்கப்பட்டது. ஊரை அண்டிச் சுது கங்கை ஓடுகின்றது. பொல்கொல்லையிலே மறிக்கப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமான சுரங்கத்தின் வழியே வந்து, 1976 இல் இயங்கத் தொடங்கிய உக்குவளை மின்நிலையத்தின் பொறிகளைச் சுழற்றிவிட்டு, அக்கங்கையிலே கலந்து வரண்ட பிரதேசத்து வயல்களை நோக்கிச் செல்கின்றது. கடைத்தெருவிலே மூவின மக்களும் வாழ்கின்றனர். சுற்றியுள்ள மலைகளில் தேயிலையும் இறப்பரும். வீட்டுத் தோட்டங்களிலே மிளகும் கொக்கோவும். எமது பாடசாலைக்குக் கடைத்தெருப் பிள்ளைகளும் வருகின்றனர். மலையிலிருந்து மூன்று நான்கு மைல் இறங்கி நடந்து வரும் தோட்டத்துப் பிள்ளைகளும் வருகின்றனர். ஒரே வகுப்பிலே இருப்பினும், இடைவேளையில் அவர்கள் இரு வேறு மரநிழல்களிலேயே சென்று அமர்வர். இதனை எவரும் விதித்ததில்லை. எவரும் விலக்கியதுமில்லை.

பாசறையில் 48 மாணவர் பங்குபற்றினர். எட்டுப் பேர் கொண்ட ஆறு குழுக்கள் அமைந்தன. மேற்கட்டடத்திலிருந்து தண்ணீர்க் குழாயடிக்கு இறங்கும் சரிவில் மழை நாட்களிலே பிள்ளைகள் வழுக்கி விழுதல் வழமை. அச்சரிவிலே கல்லடுக்கிப் படி கட்டுதல் முதன்மையான வேலை. சமையல், பாத்திரம் கழுவுதல், கழிப்பறை துப்புரவு, இரவுக் கலைநிகழ்ச்சி என்பன ஏனையவை. குழுவுக்கு ஒரு தலைவர். அவரே மூன்று நாளுக்கும் தலைவர். இத்தகைய நிகழ்ச்சிகளின் வழமையான ஒழுங்கு இதுவே. தலைவராக வந்தோர் அறுவரும் மாணவர் தலைவர் சின்னம் அணிந்தோர். அவர்களுள் ஐவர் ஆண்பிள்ளைகள். நால்வர் கடைத்தெருவைச் சேர்ந்தோர்.

முதல் நாட் காலையில் ஊதுகுழல் ஒலித்தது. குழுக்கள் வரிசையில் நின்றன. தலைவர் பெயர் கூப்பிட்டனர், வேலையைப் பங்கிட்டனர். பின்னர், தோட்டத்துப் பையன் ஒருவன் தன் குறிப்பேட்டிலே எழுதியிருந்ததை இவ்விடத்திற் கூறுதல் பொருந்தும். “விசில் ஊதியதும் எனக்குப் பெரட்டு ஞாபகம் வந்தது. நான் படிப்பது பெரட்டுக்குப் போகாமல் இருப்பதற்காக என்று அம்மா சொல்லுவார். இங்கேயும் பெரட்டா என்று நினைத்தேன்.”

பெரட்டு என்பதைத் தோட்டத்துக்கு வெளியே உள்ள வாசகர்க்குச் சற்று விளக்குதல் வேண்டும். வைகறையிலே தொழிலாளர் ஓரிடத்திற் கூடுவர். அக்காலத்தில் தப்பு அடித்து எழுப்புதலும் உண்டு. அங்கே பெயர் பதியப்படும். யார் எந்த மலைக்குப் போவது, யார் கொழுந்து, யார் புல்வெட்டு என்பன யாவும் அங்கேதான் விதிக்கப்படும். மலையிலே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை. கங்காணி பின்னே நிற்பார். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர். நூறு பேர் சேர்ந்து செய்யும் வேலைதான் அது. ஆனால் அந்நூறு பேருள் ஒருவர்க்கேனும் வேலையைப் பற்றிப் பேச இடமில்லை. சேர்ந்து நிற்கிறார்கள், சேர்ந்து முடிவு செய்வதில்லை. நிறுக்கும்போதோ ஒவ்வொருவரும் தனித்தனியே.

இது நேற்று முளைத்த ஒழுங்கன்று. கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்திலே, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மடிந்தோர் பலர். அக்கூட்டத்தைக் கூட்டி வந்த கங்காணியே பின்னர் அவர்களது தலைவனாயும் கடன்காரனாயும் ஆனான். எத்தனை பேரை வேலைக்கு இறக்கினானோ அத்தனைக்குத் தலைக்காசு பெற்றான். ஒரு கூட்டத்தின் கடன் முழுவதையும் ஒரு சீட்டில் எழுதி, அச்சீட்டோடு கூட்டத்தையே தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின் மூலமே ஒழிக்கப்பட்டது. ஆகவே, குழுவாய் வேலை செய்யப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம் என்று நாம் கூறும்போது, மலையகத்துப் பிள்ளைக்கு அது தெரியாத பாடம் என எண்ணலாகாது. குழுவேலையின் ஒரு வடிவத்தை அப்பிள்ளையின் குடும்பம் நான்கைந்து தலைமுறையாக அறியும். எவ்வடிவத்தை நாம் கற்பிக்கிறோம் என்பதே வினா.

இவ்வினாவை எழுப்பியவன் நானல்லேன், மாணவர்களே எழுப்பினர். முதல் நாளிரவு எல்லோரும் கூடி அன்றைய வேலையைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. முதலில் பேசியோர் யாவரும் ஒற்றுமை, ஒத்துழைப்பு, கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்றே பேசினர். பாடப்புத்தகம் அவர்களுக்கு அளித்திருந்த சொற்கள் அவை. பின்னர் மாணவி ஒருத்தி எழுந்தாள். அவள் கூறியது இரண்டே செய்தி. “எங்கள் குழுவில் மூன்று பெண்பிள்ளைகள். காலையிலிருந்து மூவரும் குசினியில் நின்றோம். படிக்கட்டைக் கண்ணாலும் காணவில்லை. தலைவரை யார் தெரிந்தது என்று எங்களுக்குத் தெரியாது.” சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அதன்பின் வேறொருவன், தன் குழுவில் கல் சுமந்தோர் மூவர், கட்டளையிட்டோர் இருவர், பார்த்து நின்றோர் மூவர். ஆயினும் அதிபர் வந்தபோது எண்மரையும் பாராட்டினார் என்றான். சிரிப்பு எழுந்தது. அன்றிரவு பத்து மணி வரை விவாதம் நடந்தது. இறுதியில் அவர்கள் மூன்று முடிவுகளுக்கு வந்தனர். அரை நாளுக்கு ஒரு முறை தலைவர் மாறுதல் வேண்டும். சமையலுக்கும் கழிப்பறைத் துப்புரவுக்கும் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தல் வேண்டும். அதில் ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லை. ஒருமுறை தலைவராயிருந்தவர் அடுத்த அரை நாள் கல் சுமத்தல் வேண்டும்.

மக்கரென்கோவைப் படித்தோர்க்கு இம்மூன்றாம் முடிவு வியப்பளிக்கும். 1920 இலே, உள்நாட்டுப் போரினால் அநாதைகளாகித் தெருவிலே திரிந்த, குற்றங்களிலும் வீழ்ந்த சிறுவரைக் கொண்டு உக்ரேனின் பொல்தாவா நகருக்கு அருகே ஒரு குடியிருப்பை அமைத்தவர் அன்ரன் மக்கரென்கோ. பின்னர் அதற்குக் கோர்க்கியின் பெயர் சூட்டப்பட்டது. அங்கே நிலையான பிரிவுகளும் அவற்றுக்குத் தளபதிகளும் இருந்தனர். அவற்றோடு, குறித்த ஒரு வேலைக்காகச் சில நாட்களுக்கு மட்டும் அமைக்கப்படும் கலப்புப் பிரிவுகளும் இருந்தன. வேலை முடிந்ததும் அப்பிரிவு கலைந்துவிடும். அதற்குத் தளபதியாய் இருந்தவன் அடுத்த வேலையிலே வேறொருவனின் கீழ் மண்வெட்டி பிடிப்பான். நிலையான தளபதிகளும் இக்கலப்புப் பிரிவுகளிலே சாதாரண உறுப்பினராய் உழைத்தனர். ஆணையிடுதலும் ஆணைக்கு அமைதலும் ஒருவனிடத்திலேயே மாறி மாறி வருதலால், தலைமை என்பது ஒருவரின் சொத்தாகிவிடவில்லை. அவரது முறையிலே முரசும் அணிவகுப்பும் மிகுதி என்று குறை கூறுவோர் உளர். அக்குறையில் உண்மையும் உண்டு. எனினும் தலைமையைச் சுழலவிட்ட அவ்வொழுங்கு இன்றும் கற்கத்தக்கது. அவரது பெயரையே கேட்டறியாத உக்குவளை மாணவர், ஒரு நாள் வேலை செய்த அனுபவத்திலிருந்து அதே முடிவுக்கு வந்தனர் என்பது, அவ்வொழுங்கு நூலிலிருந்து பிறந்ததன்று, உழைப்பிலிருந்து பிறந்தது என்பதற்குச் சான்றாகும்.

இரண்டாம் நாள் எளிதாய் இருக்கவில்லை. சோறு குழைந்தது, பருப்பு அடிப்பிடித்தது. தலைமை ஏற்றுப் பழகாதோர் தயங்கினர். முதல் நாள் ஒன்பது படி அமைந்த இடத்தில் இரண்டாம் நாள் ஆறு படிதான் அமைந்தது. வேலையின் வேகத்தை மட்டும் அளப்போர் இதனைப் பின்னடைவு என்பர். ஆனால் கல்லின் அடியிலே சரளை இட்டு இறுக்காவிடில் மழைநீர் மண்ணை அரித்துவிடும் என்று இரண்டாம் நாள் சொன்னவன், முதல் நாள் முழுதும் வாய் திறவாதிருந்த ஒருவன். தோட்டத்திலே வடிகான் வெட்டும் தந்தையோடு விடுமுறை நாட்களில் வேலைக்குச் சென்று பழகியவன். முதல் நாள் அமைத்த படிகளுள் நான்கினை அவன் கூற்றுப்படி பெயர்த்து மீண்டும் அமைத்தனர். முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “யாரும் கேட்கவில்லை சேர்” என்றான்.

பாசறை முடிவிலே ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று கூறியிருந்தேன். நாற்பத்தெட்டினையும் படித்தேன். முப்பதுக்கு மேற்பட்டவை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஒற்றுமையே பலம், நேரமுகாமைத்துவம், தலைமைத்துவப் பண்பு முதலிய சொற்கள் அவற்றிலே மலிந்திருந்தன. ஆசிரியர் விரும்புவது இதுவே எனப் பிள்ளைகள் கருதும்போது அவர்கள் அதனையே எழுதுவர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. ஏனையவற்றிலேதான் பாசறையின் உண்மை இருந்தது. “கழிப்பறையைக் கழுவிய பிறகு அதைக் கழுவும் அக்காவிடம் வணக்கம் சொல்லத் தொடங்கினேன்” என்று ஒருவன் எழுதியிருந்தான். “என்னால் கட்டளையிட முடியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கத்தாமல் சொன்னாலே கேட்கிறார்கள்” என்பது ஒரு மாணவியின் கூற்று. மாணவர் தலைவன் ஒருவன், “இரண்டாம் நாள் எனக்குக் கோபம் வந்தது. சின்னத்தைக் கழற்றிப் பையில் வைத்தேன். மூன்றாம் நாள் அதை மறந்து போனேன்” என்று எழுதியிருந்தான். இவற்றைப் படித்தபோது, கட்டுரை எழுதப் பிள்ளைகளுக்கு வராது என்று நாம் ஆசிரியர் அறையிலே வருந்துவதன் காரணம் ஓரளவு எனக்கு விளங்கிற்று. அவர்களுக்கு எழுதுவதற்கு ஒன்று வேண்டும்.

கடைத்தெரு வீடொன்றிலிருந்து வந்த மாணவியின் குறிப்பு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. “அம்மா எனக்கு வேறாக ஒரு தட்டும் குவளையும் கொடுத்து அனுப்பினார். யாருடையதையும் பாவிக்க வேண்டாம் என்றார். முதல் நாள் அதில்தான் சாப்பிட்டேன். இரண்டாம் நாள் பாத்திரம் கழுவும் முறை எனக்கு வந்தது. எல்லாத் தட்டையும் நான்தான் கழுவினேன். பிறகு எது என்னுடையது என்று பார்க்கவில்லை.” வேறாகத் தட்டுக் கொடுத்தனுப்பும் வழக்கம் சுகாதாரத்தின் பேரால் நடைபெறுவது. அதன் வேர் எங்கே உள்ளது என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. 1924 இலே யாழ்ப்பாணத்தில் ஹன்டி பேரின்பநாயகமும் அவரைச் சார்ந்த இளைஞரும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், சாதி வேறுபாடின்றி ஒருங்கிருந்து உண்ணுதலைத் தன் வேலைத்திட்டங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. நூறாண்டு கடந்தும் அவ்வேலை முடிவுறவில்லை.

தென்னிலங்கையிலும் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1958 டிசெம்பரிலே, கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன, தம் மாணவரையும் சக ஆசிரியரையும் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சிங்களச் சமூகம் தீண்டத்தகாதோராய் ஒதுக்கி வைத்த ரொடியா மக்களின் கிராமம் அது. தலைநகரின் பெரிய பௌத்த கல்லூரியிலே கற்ற பிள்ளைகள் அம்மக்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, கிணறும் கழிப்பறையும் தோட்டமும் அமைத்தனர். அதே ஆண்டின் மே மாதத்திலேதான் நாட்டிலே தமிழர்க்கு எதிரான கலவரம் நிகழ்ந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. நாடு தழுவிய சர்வோதய சிரமதான இயக்கம் அம்மாணவர் பாசறையிலிருந்தே வளர்ந்தது. அவ்வியக்கம் வர்க்க முரண்பாட்டைக் காணத் தவறியது, தானம் என்ற சொல்லால் உரிமையை மறைத்தது என்று முற்போக்காளர் கூறிய விமரிசனத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும், தாம் ஒருபோதும் நீரருந்தியிராத வீட்டிலே ஒரு மாணவன் நீரருந்தினான் என்பதைச் சிறிதென்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை.

எம் மாவட்டத்துக்கே உரிய வரலாறும் ஒன்றுண்டு. எம் மாணவர் பலரும் அதனை அறியார். இலங்கையிலே சாரணர் இயக்கம் தொடங்கிய இடம் மாத்தளை. 1912 இலே ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி மாத்தளைக் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் முதலாவது சாரணர் குழுவை அமைத்தார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1907 ஓகஸ்டிலே, பேடன் பவல் இங்கிலாந்தின் பிரௌன்சி தீவில் இருபது சிறுவர் அளவிலே கூட்டி முதற் பாசறையை நடத்தினார். செல்வர் பள்ளிகளின் பிள்ளைகளையும் பூல், போண்மத் ஊர்களின் உழைப்பாளர் பிள்ளைகளையும் அவர் கலந்தே சேர்த்தார். சிறு அணிகளாய்ப் பிரித்தார். ஒவ்வோர் அணியையும் ஒரு சிறுவனின் பொறுப்பில் விட்டார். வகுப்பு வேற்றுமை முற்றிய அந்நாட்டிலே அது துணிவான செயல். எனினும் அவ்வியக்கம் பேரரசின் நிழலிலே பிறந்தது. மாத்தளையில் அச்சாரணர் குழு கூடிய அதே ஆண்டிலே, சுற்றியுள்ள தோட்டங்களில் துண்டுச் சீட்டோடு மனிதர் கைமாறிக்கொண்டிருந்தனர். குழுவாய் வாழும் கலையைக் கற்கும் வாய்ப்பு யார் பிள்ளைக்கு, குழுவாய் ஏவப்படும் விதி யார் பிள்ளைக்கு என்பது அன்று தெளிவாகவே பிரிக்கப்பட்டிருந்தது.

இன்று அப்பிரிவு வேறு உருவிலே வருகின்றது. 2011 மே மாதத்தில், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்க்குத் தலைமைத்துவப் பயிற்சி என்ற பெயரிலே மூன்று வாரப் பயிற்சி இராணுவ முகாம்களில் தொடங்கப்பட்டது. மாணவர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் எதிர்த்தன. சில ஆண்டுகளின் பின்னர் அது கைவிடப்பட்டது. ஆனால் அதன் பின்னே இருந்த எண்ணம் கைவிடப்பட்டதாகத் தெரியவில்லை. தலைமைத்துவம் என்பது நிமிர்ந்து நிற்றல், உரத்துக் கூவுதல், கேள்வி கேளாது செய்தல் என்ற எண்ணமே அது. தொழில் வழங்குவோரும் குழு உணர்வு கொண்ட இளைஞர் வேண்டும் என்கின்றனர். அக்குழு ஒரு நாள் கூடிச் சம்பளத்தைப் பற்றிப் பேசினால் அதனைக் குழு உணர்வு என்று அவர்கள் அழைப்பாரா? ஆசிரியராகிய நாம் இதனைத் தெளிந்துகொள்ளாமல் பாசறை நடத்துவோமாயின், துரைக்கும் கங்காணிக்கும் செய்த சேவையைப் புதிய மொழியிலே தொடர்ந்து செய்தவராவோம்.

ஏவுவோர் இன்றியும் மனிதர் கூடிச் செயலாற்றுவர் என்பதற்கு மாதிரி தேடி நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. பெரட்டுக்களம் இருக்கும் அதே தோட்டத்திலே காமன் கூத்தும் இருக்கின்றது. மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றியது முதல், லயத்துக்கு லயம் காசும் அரிசியும் சேர்ப்போர், வேடம் புனைவோர், தப்படிப்போர், பாட்டெடுப்போர், பந்தமேந்துவோர் என்று தோட்டமே அதிலே ஈடுபடும். மன்மதனாய் வேடமிடுபவன் பகலிலே புல்வெட்டும் தொழிலாளி. நிரையிலே பேச இடமற்றவன் அங்கே விடியும் வரை பாடுகிறான். இறுதி நாளிரவு எம் மாணவர் சிலர் தீ வளர்த்து அக்கூத்தின் ஒரு பகுதியை ஆடினர். ஊதுகுழலுக்கு வரிசையில் நின்றபோது ஒருவர் காலை ஒருவர் மிதித்தோர், தப்பின் அடிக்கு ஒரே காலாய் அடவு வைத்தனர். ஆடத் தெரியாத கடைத்தெருப் பிள்ளைகளைக் கைபிடித்து வட்டத்துக்குள் இழுத்தோர் தோட்டத்துப் பிள்ளைகள். கற்பிப்போர் யார், கற்போர் யார் என்பது அவ்விரவிலே தலைகீழாயிற்று. 1960களிலே பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலான கூத்துகளை மேடையேற்றியபோது, கிராமத்து அண்ணாவிமாரை ஆசிரியராகக் கொண்டார். பட்டதாரியாகப் போகும் மாணவர் அவர்களிடத்திலே அடவு கற்றனர். அப்பேராதனையிலே பிற்காலத்திற் கற்றவன் என்ற முறையில் அம்மரபை நான் நன்றியோடு நினைக்கின்றேன்.

இவ்வளவும் கூறியபின் பாசறையின் எல்லையையும் கூறுதல் வேண்டும். மூன்று நாளிலே எதுவும் மாறிவிடாது. நான்காம் நாள் மணி அடித்தது. பிள்ளைகள் தத்தம் மரநிழலுக்கே சென்றனர், சிலரைத் தவிர. தேர்வு தனித்தனியே, புள்ளி தனித்தனியே. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் முதல் உயர்தரம் வரை, அடுத்தவனை முந்துவதே கல்வி என்று பயிற்றிவிட்டு, ஆண்டிலே மூன்று நாள் ஒத்துழையுங்கள் என்று கூறுதல் முரண்பாடே. நாட்கூலி உயராமலும், லயத்துக்கு நீரும் பாதையும் வராமலும் ஒற்றுமை என்று பேசுதல் வெறும் ஓசை. இதனை மறைத்துப் பாசறையைப் போற்றுவது நேர்மையாகாது.

வடிகான் பற்றிச் சொன்ன மாணவனை முன்னர் குறிப்பிட்டேன். பதினோராந்தரத்தின் முதலாந் தவணையிலேயே அவன் வரவு நின்றது. கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றறிந்தேன். மலையகத்து ஆசிரியர் எவர்க்கும் இது புதிய செய்தியன்று; வரவுப் பதிவேட்டிலே இத்தகைய வெற்றுக் கட்டங்களை ஆண்டுதோறும் காண்கின்றோம். இம்முறை ஒன்று நிகழ்ந்தது. அவனது பாசறைக் குழுவினர் ஐவர், என்னிடம் கூறாமலே, ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்குச் சென்றனர். ஐவருள் இருவர் அதற்கு முன் லயத்தைக் கண்டறியாதோர். தந்தைக்கு முதுகிலே அடிபட்டு ஆறு வாரம் வேலைக்குப் போகவில்லை என்பதையும், கடையிலே கடன் ஏறியிருந்ததையும் அவர்கள் அறிந்து வந்தனர். பின்னரே என்னிடம் வந்தனர். “சேர், அவன் பரீட்சைக்கு விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறதா?” என்பதே அவர்களது முதற் கேள்வி. குறிப்புகளை முறைவைத்துப் பிரதி எழுதி வீட்டில் சேர்த்தனர். விண்ணப்பம் நிறைவு செய்யப்பட்டது. அவன் இன்னும் கடையிலேதான் இருக்கிறான். மாதம் ஒருமுறை வரும்போது அவர்களோடு அமர்ந்து படிக்கிறான். பரீட்சைக்குக் கடைக்காரர் விடுமுறை தருவாரா என்பது இனித்தான் தெரியவேண்டும். இதனைப் பாசறையின் வெற்றி என்று நான் கூறவில்லை. கடன் இருந்தபடியே இருக்கின்றது. ஆனால் ஒருவன் விலகியது தன் சோம்பலால் அன்று என்பதை ஐந்து மாணவர் தம் கண்ணாற் கண்டு வந்தனர்.

பாசறை நடத்தும் ஆசிரியத் தோழர்களுக்கும், அதிலே பங்குபற்றும் மாணவர்களுக்கும் எனக்குக் கூறவிருப்பது மிகச் சில. வேலை தொடங்குமுன் யார் தலைவர் என்று கேட்பதோடு நில்லாது, அவர் எப்போது இறங்குவார் என்றும் கேளுங்கள். இரவிலே கூடும்போது எத்தனை படி கட்டினோம் என்பதோடு, குசினியில் யார் நின்றார், கழிப்பறையை யார் கழுவினார், அன்று முழுதும் பேசாதிருந்தவர் யார் என்பவற்றையும் எழுதி வையுங்கள். பெற்றோரின் ஒப்பத்தைப் பிள்ளை மூலம் பெற்றுவிடாது, வீடு சென்று பெறுங்கள். பிள்ளைகள் எழுதித் தரும் பக்கங்களுக்குப் புள்ளி இடாதீர்கள். புள்ளி உண்டென்றால் அவர்கள் நமக்காக எழுதுவர். எமது பாடசாலையிலே அடுத்த பாசறைக்கான ஆயத்தம் தொடங்கியுள்ளது. சரிவிலே இன்னும் பதினொரு படி கட்டவேண்டியிருக்கின்றது. நிகழ்ச்சி நிரலை இம்முறை மாணவரே தயாரிக்கின்றனர்; ஊதுகுழல் வேண்டுமா என்பது அவர்களது முதற்கூட்டத்தின் விவாதப் பொருள்களுள் ஒன்று.